மரபணுத் திருத்தம்: ஒரு சொல்லும் ஒரு நூலும்

ஜெனிபர் டவுட்னாவும் சாமுவேல் ஸ்ரேர்ன்பேர்க்கும் 2017 இல் வெளியிட்ட 'எ கிறாக் இன் கிறியேஷன்' என்னும் நூல், பற்றீரியங்கள் வைரசுகளை எதிர்க்கும் முறையிலிருந்து 'கிறிஸ்பர்' கருவி 2012 இல் உருவான வரலாற்றைச் சுவைபடக் கூறுகின்றது. ஹிட்லர் பன்றிமுகத்துடன் தோன்றிய கனவை டவுட்னா மறையாது எழுதியமை அவர்தம் அச்சம் பொய்யன்று என்பதற்குச் சான்று.

நூலின் குறை ஒரு சொல்லிலே உள்ளது. ஏடு பரிசோதிப்பவர் பிழையெழுத்தை நீக்கிச் சரியெழுத்தை இடுவார். காஸ்9 நொதியமோ இரண்டு இழைகளையும் வெட்டுவதோடு நின்றுவிடும், பொருத்துவது கலமே. அப்பொருத்தலில் எழுத்துக்கள் கூடலாம், குறையலாம். இதனை நூல் விளக்காமலில்லை. விளக்கிய பின்னும் அனைத்தையும் 'திருத்தம்' என்றே வழங்குகின்றது. டேவிட் லியூவின் ஆய்வுகூடம் ஈரிழையையும் வெட்டாது 2016 இல் ஓரெழுத்தை மாற்றியதும், 2019 இல் விரும்பிய சிறுதொடரைப் பொறித்ததுமே அப்பெயருக்கு முற்றும் உரியன.

தாவரத்தில் வெட்டே பலகால் போதும். யப்பானில் 2021 இல் விற்பனைக்கு வந்த 'காபா' மிகுந்த தக்காளி, நொதியம் ஒன்றின் தடைப்பகுதியை ஒழித்துப் பெறப்பட்டது. 2023 இல் பிரித்தானியா அங்கீகரித்த அரிவாட்கலச் சோகை மருத்துவமும் பழுதுற்ற எழுத்தைத் தொடுவதில்லை; வேறோரிடத்தை வெட்டிக் கருப்பருவ ஈமோகுளோபினை மீட்டெழுப்புகின்றது.

முளையத்தில் இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 2018 இல் சீனத்தில் ஹெ ஜியான்குய் அறிவித்த இரட்டைக் குழந்தைகளின் மரபணுவில், அவர் காட்டிய தரவுகளின்படியே, இருந்தவை இயற்கையில் அறியப்பட்ட மாற்றமல்ல, வெட்டின்பின் நேர்ந்தவை.