ஹம்பி: நிற்கும் கல்லும் மறைந்த மாடமும்

ஹம்பியைப் பார்க்க மார்கழி, தை, மாசி மாதங்களே உகந்தவை. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். பகல் முழுவதும் நடக்கலாம். சித்திரையில் போனால் பாறைச் சூடு பொழுது சாய்ந்தும் தணியாது. குளிர்காலத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. அப்போது சூரியன் உச்சிக்கு ஏறாமல் தெற்கே சாய்ந்தே செல்வதால் வெயில் பக்கவாட்டில் விழுகிறது. புடைப்புச் சிற்பங்களின் விளிம்பில் நிழல் கட்டி, கோடையில் மங்கித் தெரியும் உருவங்கள் துலங்குகின்றன. சிற்பச் சுவர்களுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் ஏற்ற வேளை.

கெலமங்கலம், ஓசூர்ப் பக்கத்திலிருந்து செல்பவர்கள் பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹொசபேட்டையில் இறங்கலாம். அங்கிருந்து ஹம்பி சுமார் 13 கிலோமீட்டர். பஸ், ஆட்டோ இரண்டும் கிடைக்கும். ஊரின் பரப்பு பெரிது என்பதால் இரண்டு நாளாவது வேண்டும்.

எதைத் தேடிப் பார்ப்பது

1336-இல் ஹம்பியில் தோன்றியதாகக் கருதப்படும் விஜயநகரம், 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் சூறையாடப்பட்டுக் கைவிடப்பட்டது. தலைநகர் பெனுகொண்டாவுக்கு மாறியது. பெனுகொண்டாக் கோட்டையைக் காத்த ஜகதேவராயருக்குக் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் ஜாகிராகக் கிடைத்தது. கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கும் ஹம்பிக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது.

இன்று ஹம்பியில் நிற்பது பெரும்பாலும் அந்நகரின் கருங்கல் பகுதியே. அதன்மேல் இருந்த செங்கல்லும் சுதையும் பெரும்பாலும் உதிர்ந்தன. மரம் எரிந்தும் மக்கியும் போயிற்று. பர்மாவின் பாகான் நகரில் 2,000-க்கும் மேற்பட்ட செங்கல் கோயில்களும் தூபிகளும் மிஞ்சியிருக்க, மரத்தாலான அரண்மனையும் வீடுகளும் மிஞ்சவில்லை. ஹம்பியிலும் மிஞ்சிய பாதியைக் கண்ணால் பார்க்கும்போதே, இல்லாத பாதியின் தடயங்களையும் தேட வேண்டும். ரசனை அங்கே தொடங்குகிறது.

முதல் நாள்: அரச நகரம்

கமலாபுரத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் நகரின் மாதிரி அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டால் திசை குழம்பாது. வடக்கே துங்கபத்திரைக் கரையில் கோயில்கள், தெற்கே அரண்மனை வளாகம், இடையே வாய்க்கால் பாயும் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும். அந்த வாய்க்கால்களில் சில விஜயநகர காலத்தவை. இன்றும் பாசனத்தில் இருக்கின்றன.

மகாநவமி மேடையில் குதிரைகள், வேட்டை, நடனம், அயல்நாட்டார் எனப் பல காட்சிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பார்த்து முடித்தபின் மேலே ஏறித் தரையைக் கவனிக்க வேண்டும். தூண்கள் நின்ற தடங்கள் தெரியும். இங்கே ஒரு மண்டபம் எழுந்திருந்தது என்பதற்கு அவையே சாட்சி. 1520 வாக்கில் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் மகாநவமி விழாவை விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

அருகில் உள்ள படிக்கட்டுக் குளம் 1980-களின் அகழாய்வில் வெளிப்பட்டது. கரிய கல்லாலான படிகளைக் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு கல்லிலும் அது எந்தப் பக்கம், எந்த வரிசை எனக் குறிக்கும் எழுத்துகள் தெரியும். கற்களை வேறிடத்தில் செதுக்கிக் குறியிட்டுக் கொண்டுவந்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள். தூண்கள் தாங்கும் கல்வாய்க்கால் ஒன்று இதற்கு நீர் கொண்டுவந்தது.

ஹசார ராமர் கோயிலின் வெளிமதிலில் கீழிருந்து மேலாக யானை, குதிரை, வீரர்கள், நடனப் பெண்கள் என ஊர்வலம் செல்கிறது. உள்ளே முதன்மைக் கோயிலின் வெளிச்சுவரில் ராமாயணம் மூன்று அடுக்காக ஓடுகிறது. ஓரிடத்தில் நின்று பார்த்தால் துண்டுதுண்டாகத் தெரியும். வலம் வந்தால்தான் கதை தொடரும்.

இரண்டாம் நாள்: ஆற்றங்கரைக் கோயில்கள்

வழியில் பாறைகளையும் பார்க்க வேண்டும். பிளந்த கருங்கல் விளிம்புகளில் தையல் போட்டதுபோல வரிசையான உளிக்குழிகள் தெரியும். குழியடித்து ஆப்பு இறக்கிக் கல் பிளப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்குப் பழகிய வேலைதான். கோயில் கட்டிய கல் எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பாறைகளே காட்டிவிடுகின்றன.

கிருஷ்ணர் கோயில், உதயகிரி வெற்றியின் நினைவாகக் கிருஷ்ணதேவராயர் 1515-இல் எழுப்பியது. அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணர் சிலைக்காகவே கட்டப்பட்ட கருவறை இப்போது வெறுமையாக இருக்கிறது. சிலை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

விருபாட்சர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. மண்டப விதானத்து ஓவியங்களை அண்ணாந்து பார்த்தபின், பின்புறம் உள்ள இருட்டறைக்குப் போகலாம். சிறு துளை வழியாக வரும் ஒளியில் கிழக்குக் கோபுரத்தின் உருவம் சுவரில் தலைகீழாக விழுகிறது. வெயில் நன்றாக இருக்கும்போது அது தெளிவாகத் தெரியும்.

விட்டலர் கோயிலில் ஒரே கல்லில் கொத்துக்கொத்தாகச் செதுக்கிய சிறுதூண்கள் இசை எழுப்பக்கூடியவை. தட்டிப் பார்க்க இப்போது அனுமதி இல்லை. முன்னே நிற்கும் கல்தேர், உண்மையில் கருடன் சன்னிதி. அதன் சக்கர அச்சையும், யானைகளுக்குப் பின்னால் எஞ்சியுள்ள குதிரை வால்களையும் கவனிக்கலாம். யானைகள் பிற்காலத்தில் வைக்கப்பட்டவை. அலெக்சாண்டர் கிரீன்லா 1856-இல் எடுத்த புகைப்படத்தில் இந்தத் தேரின் மேல் ஒரு செங்கல் விமானம் இருக்கிறது. ஐம்பது ரூபாய் நோட்டில் அச்சாகியிருப்பது அதை இழந்த தேர்.

போகுமுன் ஒரு பயிற்சி

ஹம்பியின் மொட்டைக் கோபுரங்கள் முழுமையாக எப்படி இருந்திருக்கும் என்று அறிய, கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்கு ஒருமுறை போய்வரலாம். அங்குள்ள 217 அடி ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையுமாகப் பதினொரு நிலை. கல் எங்கே முடிந்து செங்கல் எங்கே தொடங்குகிறது என்பதை அங்கே பார்த்துப் பழகியவருக்கு, ஹம்பியில் பாதியில் நிற்கும் கோபுரங்களின் மீதியை ஊகிப்பது எளிது.