ஒரு பல் வித்தியாசம்

ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும்; காலுக்கு ஓய்வே இல்லை. இதைக் கட்டுகிறவர்களில் பலர் ஏங்குவது ஜப்பானின் கெய்ரின் பந்தய ஃபிரேமுக்கு. 1948-இல் கொக்குராவில் தொடங்கிய பந்தயம் அது. மெல்லிய எஃகுக் குழாய்கள், கெய்ரினுக்கு ஏற்றது எனச் சான்று தரும் என்ஜேஎஸ் முத்திரை, இழைத்துத் தேய்த்த மூட்டுகள். பார்த்தால் தடவத் தோன்றும்.

எனக்கென்னவோ அழகு பல் கணக்கில்தான். செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 48 பல், பின்னால் 16 என்றால், ஒரே காலை முன்வைத்து, பெடலை அசையாமல் பிடித்துச் சறுக்கி நிறுத்தும்போதெல்லாம் பின் டயர் ஒரே இடத்தில் தேயும். பின்னால் 17 ஆக்குங்கள், தேய்மானம் 17 இடங்களுக்குப் பரவிவிடும். ஒரே ஒரு பல்!

பிரேக் மாட்டினால் அழகு கெடும் என்பார்கள். கெடட்டும், தெருவில் ஓட்டும் வண்டிக்கு நான் மாட்டுவேன்.