விரல் எண்ணும் முன்பே

கர்நாடக சங்கீத வகுப்பில் சேரும் ஆறு வயதுக் குழந்தைக்குத் தொடக்கத்திலேயே இரண்டு வேலைகள். வாய் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாட வேண்டும். கை ஆதி தாளம் போட வேண்டும். புரந்தரதாசர் வகுத்ததாக மரபு போற்றும் இந்தப் பாடமுறை லயத்தை எவ்வளவு நன்றாகக் கற்பிக்கிறது?

இதன் பெரிய பலம், பாடுபவரே தாளத்துக்கும் பொறுப்பேற்பது. ஒரு தட்டு, மூன்று விரல்கள், பிறகு இருமுறை தட்டும் வீச்சும் என எட்டு அட்சரங்களும் கையிலேயே தெரிவதால், ஆவர்த்தனத்தில் எங்கே இருக்கிறோம் என்பது குழந்தைக்குப் புரியும். அதைவிடச் சிறப்பு மூன்று காலப் பயிற்சி. கையின் வேகம் மாறுவதில்லை. ஸ்வரங்கள் மட்டும் எண்ணிக்கைக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று நெருங்குகின்றன. தாளம் நிலையாக நிற்க, பாட்டு அதன்மேல் விரையலாம் என்பதை விளக்கமே இல்லாமல் உணர்த்தும் பயிற்சி இது.

குறை, கற்பிக்கும் வரிசையில் இருக்கிறது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணுவது பிஞ்சுக் கைக்கு நுணுக்கமான வேலை. கூடவே சுருதியும் ஸ்வர வரிசையும் சேரும்போது கவனம் சிதறுகிறது. ஸ்வரம் மறந்தால் கையும் நிற்கிறது. நினைவு வந்ததும் மறுபடி கிளம்புகிறது. அந்தக் கை காலத்தைக் காக்கவில்லை, வாயைப் பின்தொடர்கிறது. விரல்கள் சரியாக இருப்பதை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு இது தெரியாமலே போகலாம்.

வேகமும் ஒரு சிக்கல். குழந்தைகள் இயல்பாகத் தட்டும் வேகம் பெரியவர்களுடையதைவிட விரைவு. நீண்ட இடைவெளியைச் சீராகக் கடப்பது அவர்களுக்குக் கடினம். முதல் காலத்தின் நிதானம் ஸ்வரம் நிற்க உதவுகிறது. தாளத்தைப் பிடிக்க உதவுவதில்லை.

லய உணர்வு குழந்தைக்குப் புதிதல்ல. பிறந்து சில நாளே ஆன சிசுவின் மூளையும் தாளத்தின் முதல் அடி விடுபடுவதைக் கண்டுகொள்கிறது என்று 2009-இல் இஸ்த்வான் விங்க்லர் குழுவினரின் ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் கிர்ஷ்னரும் தொமசெல்லோவும் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகள் இயந்திரத்தைவிட எதிரே இருக்கும் மனிதரோடு சேர்ந்து கொட்டும்போதே காலத்தோடு நன்றாக ஒட்டினார்கள். தாளக் கருவியை ஓடவிட்டு ஒதுங்குவதைவிட ஆசிரியர் உடன் தட்டுவதே மேல் என்பதற்கு இது வலுவான சான்று.

ஆகவே உடம்பிலிருந்து தொடங்கலாம். சீராக நடக்கட்டும், கும்மியில் அடி வைத்துக் கை கொட்டட்டும், ‘தகதிமி’, ‘தகிட’ என்று சொல்லிக்கொண்டே தட்டட்டும். வேகம் அவர்களுக்கு இசைவாக இருக்கட்டும். அது பழகிய பிறகு விரல் எண்ணிக்கையும், நிறைவாக ஸ்வரமும் சேர்ந்தால், மரபின் மூன்று காலப் பயிற்சி முழுப் பலன் தரும்.

தேர்ச்சியை அளக்க எளிய வழி உண்டு. பாட்டை நடுவில் நிறுத்திப் பாருங்கள். குழந்தையின் கை அதே காலத்தில் தொடர்ந்தால் லயம் வந்துவிட்டது. நின்றுவிட்டால், விரல் எவ்வளவு அழகாக எண்ணினாலும் அடுத்த வரிசைக்குப் போகக் கூடாது.