சிரியா, ஜெமினியா, பிக்ஸ்பியா? கோளாறு அளவுகோலில் இருக்கிறது

"சிரி நல்லதா, கூகுள் நல்லதா?" புது போன் வாங்கப் போகிற யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சாஃப்ட்வேர் ஆள் என்பதால் ஒரே வார்த்தையில் பதில் வரும் என்று எதிர்பார்ப்பு. அந்த ஒரு வார்த்தைப் பதிலைச் சொல்வதற்காகவே ஏராளமான ஒப்பீட்டு அட்டவணைகளும் வீடியோக்களும் இருக்கின்றன. கொஞ்ச நாளாக அவற்றை உட்கார்ந்து படித்தும் பார்த்தும் வருகிறேன். பெரும்பாலானவை நேர்மையாகச் செய்யப்பட்டவைதான். ஆனால் அவை அளப்பது ஒன்று, தமிழ் பேசுகிற வீட்டில் நமக்கு வேண்டியது வேறொன்று.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிரி 2010 பிப்ரவரியில் ஐபோனுக்கான ஒரு தனி ஆப்பாகத்தான் வந்தது. அதன் வேர், அமெரிக்க ராணுவத்தின் டார்ப்பா பணம் போட்ட 'காலோ' என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் இருக்கிறது. வெளிவந்த சில மாதங்களிலேயே ஆப்பிள் அதை வாங்கி, 2011 அக்டோபரில் ஐபோன் 4எஸ்-உடன் சேர்த்துக் கொடுத்தது. 2012-ல் கூகுள் நவ், சாம்சங்கின் எஸ் வாய்ஸ். 2014-ல் மைக்ரோசாஃப்டின் கோர்ட்டானா, அமேசானின் அலெக்ஸா. 2016-ல் கூகுள் அசிஸ்டன்ட், 2017-ல் பிக்ஸ்பி, 2024-ல் அசிஸ்டன்ட்டின் நாற்காலியில் ஜெமினி. சிரியை உருவாக்கியவர்களில் சிலர் வெளியே வந்து தொடங்கிய 'விவ்' கம்பெனியை 2016-ல் சாம்சங் வாங்கியது என்பது ஒரு சுவாரஸ்யமான கிளைக்கதை.

93, 83, 80

இந்த வகை ஒப்பீடுகளில் அதிகம் பேசப்பட்டது, லூப் வென்ச்சர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 2019-ல் வெளியிட்டது. கூகுள் அசிஸ்டன்ட், சிரி, அலெக்ஸா மூன்றிடமும் போனில் 800 கேள்விகள் கேட்டார்கள். அருகில் என்ன இருக்கிறது, கடை வியாபாரம், வழி கேட்பது, பொது அறிவு, போனுக்குக் கட்டளை என்று ஐந்து பிரிவுகள். சரியான பதில்: கூகுள் சுமார் 93 சதவீதம், சிரி 83, அலெக்ஸா 80. பத்திரிகைகள் எல்லாம் 'கூகுள் முதலிடம்' என்று தலைப்புப் போட்டன.

கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு, தலைப்புக்குக் கீழே இருந்தன. ஒன்று, ஐந்தில் நாலு பிரிவில்தான் கூகுள் முந்தியது. ஐந்தாவதான கட்டளைப் பிரிவில் முந்தியது சிரி. நாம் போனிடம் பேசுவதில் பாதிக்கு மேல் எது என்று யோசித்துப் பாருங்கள். அலாரம் வை, அவருக்குப் போன் போடு, டார்ச்சைப் போடு. எல்லாம் கட்டளைகள். ஒரு நாட்டின் தலைநகரத்தை ஒரு தடவை கேட்போம், அலாரத்தைத் தினமும் வைப்போம். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்துச் சராசரி எடுத்தால் வருவது ஒரு விநாடி வினாப் போட்டியின் முடிவு மட்டுமே.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். அந்தச் சோதனையில் மூன்று உதவியாளர்களுமே கேள்வியைக் காதில் சரியாக வாங்கிக்கொண்டார்கள். கூகுள் 800-லும், மற்ற இரண்டும் ஓரிரண்டு தவிர எல்லாவற்றிலும். அதாவது 'காது' என்ற பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற இடத்திலிருந்துதான் அந்தச் சோதனையே தொடங்குகிறது. அமெரிக்க ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

காது, புத்தி, கை

ஒரு குரல் உதவியாளர் செய்வதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். பேச்சை எழுத்தாக்குவது காது. அந்த எழுத்திலிருந்து நமக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பது புத்தி. போனில் அதைச் செய்து முடிப்பது கை. ஒப்பீட்டு வீடியோக்கள் முக்கால்வாசி புத்தியைத்தான் சோதிக்கின்றன, ஏனென்றால் அதுதான் கேமரா முன்னால் பார்க்க நன்றாக இருக்கும். வீட்டில் இடறுவது காதிலும் கையிலும்.

காதை அளக்க இந்தத் துறையில் பயன்படுவது வார்த்தைப் பிழை வீதம். தவறாகக் கேட்ட சொற்கள், விட்டுப்போன சொற்கள், கூடுதலாகச் சேர்த்த சொற்கள் மூன்றையும் கூட்டி, மொத்தச் சொற்களால் வகுக்க வேண்டும். எளிமையான சூத்திரம். ஆனால் தமிழில் இது விசித்திரமாக நடந்துகொள்ளும். நீங்கள் "வந்துட்டிருக்கேன்" என்று சொல்கிறீர்கள், இயந்திரம் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதுகிறது. அர்த்தம் கொஞ்சமும் மாறவில்லை, ஆனால் சூத்திரப்படி நூற்றுக்கு நூறு பிழை. அதையே "வந்து கொண்டிருக்கிறேன்" என்று பிரித்து எழுதினால் சொல் எண்ணிக்கையே மாறி, பிழை வீதம் நூறையும் தாண்டிவிடும்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். "நாளைக்குக் காலைல ஏழரைக்கு அலாரம் வை" என்று சொல்கிறீர்கள். இயந்திரம் 'ஏழரைக்கு' என்பதை 'ஏழேமுக்காலுக்கு' என்று கேட்டுவிட்டது. ஐந்து சொல்லில் ஒரு சொல், 20 சதவீதப் பிழை. முதல் உதாரணத்தைவிடப் பல மடங்கு 'நல்ல' மதிப்பெண். ஆனால் ரயில் போய்விட்டது.

ஆக, தமிழ் ஆதரவு உண்டு என்று விளம்பரத்தில் ஒரு டிக் அடையாளம் போட்டிருந்தால் அது எதையும் சொல்வதில்லை. எந்தத் தமிழ் என்று கேட்க வேண்டும். நாம் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. சென்னையில் 'வரேன்', திருநெல்வேலியில் 'வாரேன்', யாழ்ப்பாணத்தில் 'வாறன்'. இதற்கு மேல், பாதி வாக்கியம் ஆங்கிலம்: "நாளைக்கு மீட்டிங் இருக்கு, ரிமைண்டர் போடு."

நேரம் சொல்லும் விதம் தனிக் கதை. "ஒரு பத்து நிமிஷம் கழிச்சு ஞாபகப்படுத்து" என்றால் அந்த 'ஒரு' எண்ணிக்கை அல்ல, 'சுமாராக' என்று அர்த்தம். "பத்து பத்தரைக்கு" என்றால் இரண்டு அலாரம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணி என்றால் காலண்டர்படி அது சனிக்கிழமை, பேசுகிறவர் மனசில் வெள்ளிக்கிழமை. நம் வீட்டில் ஏழு வயதுக் குழந்தைக்கும் புரிகிற இந்த விஷயங்கள் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் ஒரு வரிசையாகக்கூட இருப்பதில்லை.

யாரைக் கூப்பிடச் சொன்னேன்?

கட்டளைகளிலேயே முக்கியமானது போன் போடுவது. அங்கேதான் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நம்மில் பலர் பெயர்களை ஆங்கில எழுத்தில் சேமித்து வைத்திருக்கிறோம். உதவியாளர் தமிழில் கேட்டு, தமிழ் எழுத்தாக்கி, அதை அந்த ஆங்கில எழுத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தமிழில் ஒரே 'க' இடத்துக்கேற்ப மூன்று விதமாக ஒலிக்கும். 'சித்தி' என்பதை ஒருவர் ஒரு மாதிரி ஆங்கிலத்தில் எழுதுவார், இன்னொருவர் கூடுதலாக இரண்டு எழுத்துப் போடுவார். கூடவே 'முருகன் பிளம்பர்', 'முருகன் பால்', 'முருகன் ஆபீஸ்' என்று ஒரே பெயரில் மூன்று பேர்.

இதை நான் விளையாட்டுக்காக ஆராயவில்லை. என் பெரியம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. தனியாக இருக்கிறார். திரையில் இருக்கும் எழுத்து அவருக்குத் தெரியாது, போனுக்கு வாசல் குரல் ஒன்றுதான். அவர் பெரிய அண்ணனைக் கூப்பிடச் சொன்னால், வீட்டில் சோதித்த ஒரு உதவியாளர் "இவர்களில் யார்?" என்று கேட்டுத் திரையில் மூன்று பெயரைக் காட்டிவிட்டு மௌனமாக நின்றது. கண் தெரிகிறவருக்கு அது ஒரு தட்டல். அவருக்கு அது சாத்திய கதவு. ராத்திரி நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் அவர் அந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

அதனால் என் முதல் அளவுகோல் இதுதான்: தப்பாகக் கேட்டால், அதைத் திரையைப் பார்க்காமல் திருத்த முடிகிறதா? 'ஏழரைக்கு அலாரம் வைத்துவிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லும் உதவியாளர், ஒரு 'டிங்' சத்தத்தோடு முடித்துக்கொள்ளும் உதவியாளரைவிட மேல், அது கொஞ்சம் அதிகமாகத் தப்புச் செய்தாலும்கூட. கண்ணுக்குத் தெரியும் தப்பு திருத்தக்கூடிய தப்பு. மௌனமாக நடக்கும் தப்புதான் ஆபத்து.

புது புத்தி வந்த பிறகு

பழைய உதவியாளர்கள் வேலை செய்த விதம் கொஞ்சம் அசட்டுத்தனமானது, ஆனால் கணிக்கக்கூடியது. 'அலாரம்' என்பது நோக்கம், 'ஏழரை' என்பது அதற்கான கட்டம். கட்டம் நிரம்பினால் செய்யும், இல்லையென்றால் "புரியவில்லை" என்று கையை விரிக்கும். ஜெமினி போன்ற மொழி மாதிரிகளிடம் சுற்றி வளைத்துப் பேசினாலும் புரிந்துகொள்கிறது, தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சுக்கு இது பெரிய வரம். ஆனால் "புரியவில்லை" என்ற அந்த நேர்மை குறைந்துவிடுகிறது. புரியாதபோதும் சரளமாக ஏதாவது சொல்லும்.

மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. கூகுள் 2024 ஜனவரியில் அசிஸ்டன்ட்டிலிருந்து 17 வசதிகளை நீக்குவதாக அறிவித்தது. அதிகம் பயன்படுத்தப்படாதவை என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் ஒன்று, குரலாலேயே மின்னஞ்சல் அனுப்புவது. எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் பேரில் யார் இருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். ஆப்பிள் கதை வேறு மாதிரி. 2024 ஜூனில், 'அம்மா வரும் விமானம் எப்போது இறங்கும்?' என்று கேட்டால் அஞ்சல்களையும் செய்திகளையும் பார்த்துப் பதில் சொல்லும் புது சிரியைக் காட்டியது. 2025 மார்ச்சில், அது தாமதமாகும் என்று அறிவித்தது. ஒப்பீடுகள் பல, காட்டப்பட்டதை ஏற்கெனவே கையில் இருப்பதாக எண்ணி மதிப்பெண் போட்டிருந்தன. வராததற்கு மதிப்பெண் போடக் கூடாது.

பட்டன் யார் கையில்?

'தேர்வு' என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் போய் இயல்புநிலை உதவியாளரை மாற்றலாம். ஐபோனில் நம் ஊரில் பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் வருவது சிரி. மற்றவற்றை ஆப்பாகத் திறக்கலாம், குறுக்குவழி வைக்கலாம், அவ்வளவுதான். சாம்சங் 2017-ல் கேலக்ஸி எஸ்8-ல் பிக்ஸ்பிக்கென்றே ஒரு தனி பட்டன் வைத்தது. அதை வேறு ஆப்புக்கு மாற்றிக்கொள்ள வழி விட்டது 2019-ல்தான். 2025-ல் வந்த எஸ்25-ல் பட்டனை அழுத்திப் பிடித்தால் வருவது ஜெமினி. கோர்ட்டானாவின் போன் ஆப் 2021-லேயே மூடப்பட்டது. ஆக, பெரும்பாலும் போனைத் தேர்ந்தெடுத்தால் உதவியாளர் கூடவே வருவார், அவரும் அடுத்த அப்டேட்டில் மாறலாம்.

அந்தரங்கம் பற்றி ஒரு பத்தி போதும். பயனர் பேச்சுப் பதிவுகளில் சிலவற்றை மனிதர்கள் கேட்டுச் சரிபார்த்தார்கள் என்று அமேசான், கூகுள், ஆப்பிள் மூன்றைப் பற்றியும் 2019-ல் அடுத்தடுத்து செய்திகள் வந்தன. அதன்பிறகு ஆப்பிள், பயனர் சம்மதித்தால் மட்டுமே என்று விதியை மாற்றியது. சிரி தொடர்பான ஒரு வழக்கில் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 9.5 கோடி டாலருக்குச் சமரசத்துக்கும் வந்தது. எந்த உதவியாளராக இருந்தாலும் முதல் நாளே செட்டிங்ஸில் பதிவுகளைச் சேமிக்கும் பகுதியைப் பார்த்துவிடுங்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது?

நான் எழுதும் இந்த நேரத்தில் நிலவரம் இது. தமிழில் மட்டுமே பேசுகிறவருக்கு ஆண்ட்ராய்டும் கூகுளும்தான் நடைமுறை வழி. கூகுளின் தமிழ்க் குரல் தட்டச்சு 2017-ல் வந்தது, அசிஸ்டன்ட் 2019-ல் தமிழ் பேசியது, ஜெமினி ஆப் 2024 ஜூனில் தமிழோடு இந்தியாவுக்கு வந்தது. இத்தனை வருடம் தமிழ்க் குரல்களைக் கேட்டதற்கு ஒரு பலன் இருக்கும். சிரிக்கு முழுத் தமிழ் இல்லை. ஐஓஎஸ் 18 முதல் இந்திய ஆங்கிலத்தோடு தமிழைக் கலந்து பேசலாம். ஆங்கிலம் சரளமாக வருகிறவருக்கு, அலாரம், அழைப்பு போன்ற கட்டளைகளே போதும் என்றால், சிரி போதுமானது. அலெக்ஸா இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும்தான்.

கடைக்குப் போகுமுன் பத்து வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யார் அந்தப் போனை வைத்திருக்கப் போகிறாரோ அவர் வாயில் வருகிற மாதிரியே. ஏழரை, ஏழேகால், 'ஒரு பத்து நிமிஷம்', ஒரே பெயரில் இரண்டு பேர், மின்விசிறி ஓடும் சத்தம், பக்கத்தில் டிவி. சொல்ல வேண்டியது அவர், நீங்கள் அல்ல. எத்தனை சரி என்று மட்டும் எண்ணாதீர்கள். தப்பு நடந்தபோது அவருக்குத் தெரிந்ததா, அவராகவே திருத்த முடிந்ததா என்று பாருங்கள். அந்த இரண்டு கேள்விக்கும் 'ஆமாம்' வந்தால் எந்த பிராண்டாக இருந்தாலும் வாங்கலாம்.