பன்னிரண்டு கதவுகள்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். குற்றாலம் பார்டர் பரோட்டாவுக்குக்கூட எழுதுகிறார்கள். ஆனால் தினம் நூறு தடவை பார்க்கிற ஒரு சமாசாரத்துக்கு யாரும் எழுதுவதில்லை. செல்போனை எடுத்ததும் சின்னச் சின்னப் படங்கள் வரிசை கட்டி நிற்கின்றனவே, அந்த முதல் திரை. அதைக் காட்டும் புரோகிராமுக்கு லாஞ்சர் என்று பெயர். இந்த வாரம் அதற்கு ஒரு விமர்சனம்.

லாஞ்சர் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. லினக்ஸில் அதுவும் இன்னொரு சாதாரண புரோகிராம்தான். அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் முக்கியமாக மூன்று விஷயம்: பெயர், படம், தொட்டால் ஓடவேண்டிய கட்டளை. படத்தைக் காட்டு, தொட்டால் ஓட்டு, அவ்வளவுதான். எழுதச் சில நாள் போதும். எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கத்தான் வருஷங்கள் ஆகும்.

நம் நாட்டில் இதைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆசாமிகளில் சிம்ப்யூட்டர் கோஷ்டிக்கு முக்கிய இடம் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் நாலு பேர், என்கோர் என்ற கம்பெனியுடன் சேர்ந்து, கையில் அடங்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வடிவமைத்தார்கள். 2001-ல் மாதிரியைக் காட்டினார்கள். விலை 9,000 ரூபாய் என்பது லட்சியம். அந்த வருஷத்தின் முக்கியக் கண்டுபிடிப்பு இதுதான் என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் புரூஸ் ஸ்டெர்லிங் பாராட்டினார். 2004-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் ‘அமிடா’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. (எழுத்தாளர் சுஜாதா வேலை பார்த்த அதே பி.இ.எல்.தான்.)

அதன் திரை 320-க்கு 240 புள்ளி. மொத்தம் 76,800. ஒரு படத்துக்கும் அதன் பெயருக்கும் 80-க்கு 80 கட்டம் ஒதுக்கினால், நாலு பத்தி, மூணு வரிசை. ஆகப் பன்னிரண்டே கதவுகள். இதற்குள் ஒரு கிராமத்தின் உலகத்தை அடக்கியாக வேண்டும்!

அவர்கள் கண்ட வழி அழகானது. ஏழைக்குத் தனியாகக் கம்ப்யூட்டர் வாங்க முடியாது, கிராமத்துக்கு ஒன்று இருக்கட்டும். ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு. உங்கள் கார்டைச் செருகினால் அது உங்கள் கம்ப்யூட்டர், என் கார்டைச் செருகினால் என்னுடையது. படிக்கத் தெரியாதவர்களுக்காக, எழுத்தை இந்திய மொழிகளில் உரக்கச் சொல்லும் மென்பொருளும் செய்தார்கள். முதல் திரை, அதைத் தயாரித்தவனுக்கு இல்லாமல் பார்ப்பவனுக்குச் சொந்தம் என்ற எண்ணம் இதில் இருந்தது. இதற்காகவே அவர்களுக்கு ஒரு ஓ போடலாம்.

குறைகளும் சொல்ல வேண்டுமல்லவா? படம் போட்டால் படிக்காதவருக்குப் புரிந்துவிடும் என்பது கம்ப்யூட்டர் உலகின் பழைய மூடநம்பிக்கை. படமும் ஒரு லிபிதான், கற்றுக்கொண்டால்தான் வரும். ஈ-மெயிலுக்கு ஒட்டிய கவர் படம் போடுவார்கள். போஸ்ட் கார்டும் இன்லண்டு லெட்டருமாக வாழ்ந்த ஒரு தென்காசிப் பாட்டிக்கு அது மொய்க் கவராகத் தெரிந்தால் தப்பு யாருடையது? சரி, தமிழில் பெயர் போடலாம் என்றால் இடம் போதாது. ‘அமைப்புக...’, ‘நாட்காட்...’ என்று பாதியில் வெட்டி மூணு புள்ளி வைத்துவிடும். கட்டத்தின் அகலத்தை ஆங்கில வார்த்தையை வைத்து அளந்ததன் விளைவு இது.

இங்கே குற்றாலத்துக்காரர் ஒருவர் ஞாபகம் வருகிறார். ரசிகமணி டி.கே.சி. 1954-ல் மறையும்வரை அங்கேதான் இருந்தார். கம்பனில் இது இடைச்செருகல், இது கம்பன் வாக்கே இல்லை என்று பாட்டுப் பாட்டாகத் தள்ளினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். கம்பன் விஷயத்தில் அவர் செய்தது நியாயமா என்பது தனிச் சண்டை. ஆனால் லாஞ்சர் செய்பவனுக்கு அந்தத் துணிச்சல் கட்டாயம் வேண்டும். எதைச் சேர்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். தள்ளத்தான் ஆள் கிடையாது.

சிம்ப்யூட்டர் சில ஆயிரம்தான் விற்றது. 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதன் அடிவயிற்றிலும் லினக்ஸ்தான். இன்று சீசனில் குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்கும் அண்ணாச்சி கையில் லினக்ஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது. பெங்களூர்க்காரர்கள் கண்ட கனவு வேறு வாசல் வழியாகப் பலித்துவிட்டது என்று சந்தோஷப்படலாம். திரையைப் பார்க்கும்வரை.

அதில் ஐம்பது அறுபது படங்கள். அண்ணாச்சி தொடுவது நாலோ ஐந்தோ: பேச, பணம் வாங்க, வாட்ஸ்அப், யூட்யூப். மற்றதெல்லாம் அவர் கேட்காமல் குடியேறியவை. போதாக்குறைக்குச் சாரல் வேறு. ஈர விரலைக் கண்டால் இன்றைய தொடுதிரை தடுமாறும். சிம்ப்யூட்டரின் குச்சித்திரை அழுத்தினால் கேட்கும், ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாது.

முதல் திரையில் ஓர் இடம் என்பது மெயின் ரோட்டில் கடை மாதிரி. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டதே, அதற்கு ஒரு காரணம் இதுதான். தன் அப்ளிகேஷன்களை மொத்தமாகப் போனில் ஏற்றி, முக்கியமான இடத்தில் வைக்கச் சொல்லிக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது என்று. சின்னப் படம் எங்கே நிற்கிறது என்பதற்கு இத்தனை கோடி மதிப்பு. அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் போனைக் காசு கொடுத்து வாங்கிய நம் அண்ணாச்சி. அவரை யாரும் கேட்கவில்லை.

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011-லிருந்து ஜோஹோ சாஃப்ட்வேர் எழுதுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஆண்ட்ராய்டில் ஒரு வசதி உண்டு. லாஞ்சரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். யாராவது ஒரு பிள்ளை ஒரு சாயங்காலம் மங்குஸ்தான் கடையில் உட்கார்ந்து, அண்ணாச்சி எதை எத்தனை தடவை தொடுகிறார் என்று எண்ணிப் பார்த்து, பன்னிரண்டே கதவுகளோடு ஒரு திரை செய்யட்டும். தமிழ்ப் பெயர்கள் முழுசாக, ஈர விரலுக்கும் திறக்கிற மாதிரி பெரிய கட்டங்களாக.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். இன்று ராத்திரி உங்கள் போனை எடுத்து, கடந்த ஒரு மாதமாகத் தொடாத படங்களை எண்ணுங்கள். பிறகு டி.கே.சி. ஆகுங்கள்.