நொச்சி சூடியவர் யார்? எருசலேம் வீழ்ச்சி பற்றிய கிறித்தவ நவீனங்கள்

அரண் வளைப்போர் உழிஞை சூடுவர். அரண் காப்போர் நொச்சி சூடுவர் என்பது புறப்பொருள் வெண்பாமாலை வகுத்த முறை. தொல்காப்பியர் இவ்விருவர் செயலையும் உழிஞைத்திணை ஒன்றிலேயே அடக்கினார். பின்வந்த ஐயனாரிதனார் நொச்சியைப் பிரித்துத் தனித்திணையாக்கியது திணைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் விருப்பத்தால் அன்று. மதிலுக்கு வெளியே நிற்பவன் தோற்றால் அவன் திரும்பிச் செல்வதற்கு ஒரு நாடு உண்டு. உள்ளே நிற்பவன் தோற்றாலோ அவனுக்கு நாடுமில்லை, வீடுமில்லை. வழிபட்ட கோயிலும் இல்லை. ஆதலின் அவன் மறம் வேறொரு மறம் என்பதை அவ்விலக்கணம் கண்டுகொண்டது.

எருசலேம் நகரின் முற்றுகையைப் பொருளாகக் கொண்டு கிறித்தவ ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைக் கற்குங்கால் இந்த வேறுபாடு பெரிதும் துணைபுரிகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கதைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. அவற்றின் தலைமாந்தர் பெரும்பாலும் மதிலின் உள்ளே நின்ற யூதர். அவற்றை எழுதியோரோ அம்மதில் இடிந்தே தீரவேண்டும் என்று நம்பிய கிறித்தவர். நொச்சி சூடியவனைப் பாட முற்பட்டவர் உள்ளத்தில் உழிஞை இருந்தது. இம்முரண்பாட்டை ஒவ்வோர் ஆசிரியரும் எவ்வாறு கையாண்டார் என்பதே இந்நூல்களை மதிப்பிடுதற்குரிய அளவுகோலாகும்.

வரலாற்றைச் சுருங்க உரைத்தல் நலம். உரோமருக்கெதிராக யூதர் கிளர்ந்தது கி. பி. 66இல். 67இல் கலிலேயா நாட்டு அரண்களாகிய யோத்தபாத்தாவும் கமலாவும் வீழ்ந்தன. 70ஆம் ஆண்டு பாஸ்காத் திருவிழாக் காலத்தில், யாத்திரிகர் நிறைந்திருந்த வேளையில், தளபதி தீத்து எருசலேமை வளைத்தான். உள்ளே கிஸ்காலா ஊர் யோவானும் கியோராவின் மகன் சீமோனும் முதலிற் தம்முட் பொருது, ஒருவர் களஞ்சியத்தை ஒருவர் எரித்து, பின்னரே ஒன்றுபட்டனர். உரோமர் நகரைச் சுற்றி ஒரு புதுமதிலை மூன்றே நாளில் எழுப்பி உணவு புகாதபடி தடுத்தனர். ஆவணி மாதத்தை ஒட்டிக் கோயில் எரிந்தது; அடுத்த மாதத்தில் மேல்நகரும் வீழ்ந்தது. சீமோன் உரோமாபுரி வெற்றி ஊர்வலத்தின் முடிவிற் கொல்லப்பட்டான். யோவானுக்கு ஆயுட்சிறை கிடைத்தது.

இவற்றையெல்லாம் உலகம் அறிந்தது யோசேப்பஸ் என்னும் ஒருவர் எழுதிய நூலினாலேயே. அவர் குருகுலத்து யூதர். கலிலேயாவைக் காக்கும் படைக்குத் தலைமை தாங்கியவர். யோத்தபாத்தா வீழ்ந்தபோது உடனிருந்தோர் இறந்தொழியத் தாம் சரணடைந்தவர். வெஸ்பாசியன் பேரரசனாவான் என்று முன்னுரைத்து அவன் அருளைப் பெற்றார். எருசலேம் முற்றுகையின்போது தீத்துவின் பாசறையில் இருந்து, மதிலின் புறத்தே நின்று, உள்ளிருந்த தம் இனத்தாரைப் பணியுமாறு கூவியழைத்தார். பின்னர் உரோமாபுரியில் அரசகுடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்து தம் வரலாற்றை எழுதினார். நொச்சியைக் களைந்து உழிஞைப் பாசறை புகுந்த ஒருவரே நொச்சி வீரரைப்பற்றிய ஒரே பெருஞ்சான்று. கோயிலை எரிக்கத் தீத்து விரும்பவில்லை, போர்வீரன் ஒருவன் கட்டளையின்றித் தீயிட்டான் என்று அவர் கூறுகின்றார். பிற்காலத்துக் கிறித்தவ வரலாற்றாசிரியராகிய சுல்பீசியுஸ் செவெருஸ் அதற்கு மாறாக, கோயிலை அழித்தல் தீத்துவின் விருப்பமே என்று எழுதினார். கதையாசிரியர்களுட் பலர் யோசேப்பசையே பின்பற்றினர். பெருந்தன்மையுள்ள தீத்து அவர்களுக்கு வேண்டியிருந்தான்.

தமிழ் கற்போர் இவ்விடத்திற் கபிலரை நினையாதிருத்தல் அரிது. மூவேந்தர் பறம்பு மலையை வளைத்தபோது கபிலர் பாரியோடு உள்ளிருந்தார். உழவர் உழாமலே மூங்கிலரிசியும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை அது, அதனைப் படையாற் கொள்ளல் இயலாது என்று வேந்தர் முகத்தெதிரே பாடினார். பலாவும் தேனும் மலைக்கு எத்துணை வளம் என்பதை மலைநாட்டு மாணவர்க்கு உரையாசிரியர் விளக்கத் தேவையில்லை. பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துச் செல்லும் பொறுப்பும் கபிலருடையதாயிற்று. பறம்பின் வீழ்ச்சியைத் தமிழர் அறிவது உள்ளிருந்தவர் வாய்மொழியால்; எருசலேமின் வீழ்ச்சியை உலகம் அறிவது வெளியேறியவர் வாய்மொழியால். பாரியை வீழ்த்திய மூவருட் பெருந்தன்மையுடைய ஒருவன் இருந்தானோ என்று எவரும் தேடாமைக்கு இதுவே காரணம்.

கிறித்தவ ஆசிரியர்க்கு யோசேப்பசினாற் பிறந்த இடர்ப்பாட்டினும் பெரிதொன்று அவர்தம் மறைநூலிலேயே உண்டு. கோயிலின் கல்லின்மேற் கல் நில்லாது என்று இயேசு முன்னுரைத்ததாகச் சுவிசேஷங்கள் கூறும். நகரம் தப்பினால் வாக்குப் பொய்க்கும். மேலும், முற்றுகைக்கு முன்னரே கிறித்தவர் யோர்தானுக்கு அப்பாலுள்ள பெல்லா என்னும் ஊருக்கு அகன்றனர் என்பது நான்காம் நூற்றாண்டு யூசேபியுஸ் எழுதிவைத்த வரலாறு. வாசகரின் அன்புக்குரிய கிறித்தவன் மதிலின் உள்ளே இல்லை. உள்ளே இருப்பவனோ தண்டனைக்குரியவன். இந்நிலையிற் கதைக்குத் தலைவனை எங்கே தேடுவது? கோணேசர் கோயில் 1620களிற் போர்த்துக்கேயராற் தகர்க்கப்பட்டு, அதன் கற்கள் திருகோணமலைக் கோட்டைச் சுவரில் அடுக்கப்பட்டதை அறிந்த இலங்கைச் சைவ வாசகர், ஒரு கோயில் இடிவதனைத் தெய்வத் திருவுளம் என அமைதியாகக் கூறும் பக்கங்களை எளிதிற் கடந்து செல்லமாட்டார்.

மில்மன் என்னும் பாதிரியார் 1820இல் வெளியிட்ட நாடகக் காவியம் இவ்வரிசையில் முந்தியது. சீமோனுக்கு இரு பெண்களைப் படைத்து, ஒருத்தியைத் தந்தையின் மறத்திற்கும் மற்றொருத்தியை மறைவான கிறித்தவ நம்பிக்கைக்கும் உரியவர்களாக்கினார். வீட்டுக்குள்ளேயே மதில் எழும்பிய இவ்வமைப்பு நல்ல அமைப்பு. மிரியம் என்னும் அம்மகள் தந்தையை விட்டு நீங்காது உள்ளே இருக்கின்றாள். நம்பிக்கையால் வெளியேயும் பாசத்தால் உள்ளேயும் நிற்கும் அவள் துன்பத்திலேயே அந்நூலின் உயிர் உள்ளது. மில்மன் பின்னர் எழுதிய யூதர் வரலாறு, அவர்களை ஏனைய மக்களினத்தைப்போலவே நோக்கியமையாற் கண்டனத்துக்குள்ளாயிற்று என்பதும் நினைக்கத்தக்கது.

1828இல் வெளிவந்த குரோலியின் 'சலாத்தியேல்' வேறொரு வழியை நாடிற்று. கிறித்துவைப் பழித்தமையால் அவர் மீண்டும் வருமளவும் இறவாது அலையுமாறு சபிக்கப்பட்ட யூதனே அதன் தலைவன். உரோமருக்கெதிரான போரிற் படை நடத்துபவனும் அவனே. கதை அவன் வாய்மொழியாகவே செல்கின்றது. குரோலியின் நடை முழக்கமானது. சில இடங்களில் முழக்கம் மட்டுமே எஞ்சுகின்றது. எனினும் அவருடைய குறை நடையில் இல்லை. சாகமுடியாத ஒருவன் அரண் காப்பதில் மறம் எங்கே உள்ளது? நொச்சி மறவனுக்குப் பெருமை தருவது அவன் வீழ்ந்துவிடக்கூடும் என்பதே. குரோலி தம் தலைவனுக்கு எல்லாத் துயரும் தந்து, அந்த ஒன்றை மட்டும் மறுத்துவிட்டார்.

வெப் அம்மையாரின் 'நவோமி' (1841) குருவின் மகள் ஒருத்தி கிறித்துவை ஏற்கும் கதை. யூதரை மதமாற்றும் நோக்கம் பக்கந்தோறும் தெரிகின்றமையால் அதனை இலக்கியமாக நெடிது ஆராய வேண்டுவதில்லை.

நின்று நோக்கவேண்டிய நூல் ஹென்டியின் 'கோயிலுக்காக' என்பது. 1880களின் இறுதியில், இந்நாட்டு மலைகளிற் கோப்பி அழிந்து தேயிலை பரவிய அதே காலத்தில், ஆங்கிலச் சிறுவர்க்கென எழுதப்பட்டது. கிளைவோடு இந்தியாவில் வாளேந்திய சிறுவனைப்பற்றியும் கதை எழுதியவர் ஹென்டி; பேரரசின் பிள்ளைகளுக்குப் பேரரசுப் பண்பைப் புகட்டியவர். அத்தகையவர் பேரரசை எதிர்த்த கிளர்ச்சிக்காரனைத் தலைவனாக்கியது வியப்பே. கலிலேயாவைச் சேர்ந்த யோவான் என்னும் அவ்விளைஞன் மலைகளில் ஒளிந்திருந்து சிறுபடை நடத்தி உரோமரைத் தாக்குகின்றான். யோசேப்பசின் நேர்மையை ஹென்டி முழுதும் நம்பவில்லை. மலைப்போர்ப் பகுதிகளிற் காணும் விறுவிறுப்பும் இடவறிவும் அவர் போர்ச் செய்தியாளராயிருந்து பெற்றவை. இப்பகுதிகளில் நொச்சி உண்மையாகவே மணக்கின்றது.

ஆனால் யோவானுடைய பகைவர் யார் என்று உசாவினால் விடை மாறுகின்றது. உரோமரினும் நகருக்குள்ளிருந்த செலோத்தர் எனப்பட்ட கடும்பற்றாளரையே அவன் மிகுதியும் வெறுக்கின்றான். தீத்துவுடன் தனித்துப் பொருது வென்றும் அவனைக் கொல்லாது விடுகின்றான். கோயில் வீழ்ந்தபின் அடிமையாகி, உரோமாபுரி சென்று, தீத்துவின் நல்லெண்ணம் பெற்றுத் தாயகம் மீள்கின்றான். நல்ல கிளர்ச்சிக்காரன் இறுதியில் நல்ல ஆட்சியாளனின் நண்பனாவான் என்பதே ஹென்டி வரைந்த வட்டம். அதில் உரோமன் என்று எழுதப்பட்ட இடந்தோறும் ஆங்கிலேயன் என்று படித்தாலும் பொருள் கெடாது. சீமோனைப்போல் வணங்காது மாண்டவனுக்கு அவ்வட்டத்தினுள் இடம் இருந்திருக்க முடியாது. நூல் சிறப்பாக எழுதப்பட்டிருப்பதனாலேயே இது கூர்ந்து கவனிக்கத்தக்கது. மோசமான நூல் எவரையும் வசப்படுத்துவதில்லை.

ஹகார்ட் 1903இல் எழுதிய 'முத்துக் கன்னி'யில் எசேனர் வளர்த்த கிறித்தவப் பெண் மிரியத்தை உரோமனாகிய மார்க்கஸ் காதலிக்கின்றான்; யூத வீரனாகிய காலேபும் காதலிக்கின்றான். ஆசிரியர் விருப்பம் மார்க்கஸ்மேல் என்பது முதலிலேயே தெளிவு. ஆயினும் படித்து முடித்தபின் நெஞ்சில் நிற்பவன் காலேப். அவனுக்கு மட்டுமே இழப்பதற்கு ஒரு நகரம் இருந்தது. அம்மறத்தை ஒரு காதற்போட்டியின் பொறாமையாகச் சுருக்கிவிட்டமை ஹகார்ட் போன்ற கதை வல்லாரிடம் எதிர்பார்க்கக்கூடாத சிறுமை.

தமிழில் முற்றுகைக் கதை இல்லாமலில்லை. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. புலிகேசி காஞ்சியை வளைத்து நிற்க, மகேந்திரவர்மர் கோட்டைக் கதவுகளை அடைத்து உள்ளிருக்கும் பகுதியில் கல்கி நொச்சிப் பக்கம் நிற்கின்றார், அதில் வியப்பில்லை. பின்னர் பல்லவர் படை வாதாபியை எரிக்கும்போது அதே ஆசிரியர் வெற்றியில் முழுதும் மகிழாது, சேனாபதி பரஞ்சோதியின் மனம் போரை வெறுத்துத் திரும்புவதைக் காட்டுகின்றார். அவரே சிறுத்தொண்டர் என்னும் வரலாறு அதற்கு இடந்தந்தது. தம் பக்கத்து உழிஞையையும் ஐயுற்ற இம்மனப்பான்மை மேற்கூறிய ஆங்கில நூல்களில் அரிது. கல்கிக்குக் காக்கவேண்டிய முன்னுரைப்பு எதுவும் இல்லாதிருந்ததும் ஒரு காரணமாகலாம்.

இனி, இக்கதைகள் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. போர் முழுவதிலும் பிடிபட்டோர் 97,000 பேர் என்று யோசேப்பஸ் கணக்குத் தருகின்றார். இறந்தோர் பதினொரு இலட்சம் என்னும் அவருடைய மற்றைக் கணக்கை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. எனினும் சிறைப்பட்டோர் பெருந்தொகையினர் என்பதில் ஐயமில்லை. பதினேழு வயதுக்கு மேற்பட்டோருட் பலர் விலங்கிடப்பட்டு எகிப்து நாட்டு வேலைத்தலங்களுக்கு அனுப்பப்பட்டனர். பலர் மாகாணங்களின் அரங்குகளில் மடியப் பகிர்ந்தளிக்கப்பட்டனர். பதினேழுக்குக் குறைந்தோர் விற்கப்பட்டனர். ஹென்டி 'அடிமைகள்' என்று ஓர் அதிகாரத்துக்கே பெயரிட்டார். ஆனால் அங்கும் யோவான் ஒருவனையே பின்தொடர்ந்தார். ஹகார்டின் கதையிற் சிறைப்பட்ட மிரியம் வெற்றி ஊர்வலத்தின் அணியாகின்றாள். ஏனையோர் எங்கே சென்றனர், என்ன மொழி பேசினர், எந்தத் தெய்வத்தை எங்கே வைத்து வணங்கினர் என்பது இவர்கள் கேட்காத கேள்வி.

அட்டனிலும் நுவரெலியாவிலும் இந்நூல்களைக் கையிலெடுக்கும் மாணவர் அப்பக்கங்களில் நிற்பர். அவர்தம் முன்னோர் அடிமைகளாகப் பிடிக்கப்பட்டவரல்லர். ஒப்புமையை அளவுக்குமேல் இழுத்தல் தகாது. எனினும் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வழியாகக் காடு கடந்து நடந்தோரும், நடுவழியில் மாண்டோரும், வந்து சேர்ந்து லயத்து அறைகளில் ஒடுங்கினோரும் எந்த நவீனத்தின் தலைமாந்தராகவும் நெடுங்காலம் இருந்திலர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்தம் வழிவந்தோருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு இரு பிரதமர்கள் செய்த உடன்படிக்கை அவர்களைத் தொகை வகுத்துப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இலேயே வந்தது. தோட்டங்களிற் பொன்னர் சங்கர் கதை விடியவிடிய ஆடப்படும்போது, வீழப்போகும் உடன்பிறந்தார் இருவர்க்காகக் கண்கலங்கி நிற்கும் கூட்டம், நொச்சி என்னும் பெயரை அறியாமலே அத்திணையை அறிந்த கூட்டமாகும். அக்கூட்டத்திற் பிறந்த வாசகர் காலேபை வெறுக்குமாறு ஹகார்ட் விரும்பினால், அவ்விருப்பம் நிறைவேறுதல் ஐயமே.

யூதராகிய ஃபொய்க்ட்வாங்கர் ஜெர்மன் மொழியில் 1932இல் வெளியிட்ட நவீனம் இவ்வரிசைக்குப் புறம்பானது. ஆயினும் அருகில் வைத்துப் படிக்கவேண்டியது. அவர் சீமோனையோ யோவானையோ தலைவனாக்கவில்லை, யோசேப்பசையே தலைவனாக்கினார். மதிலின் புறத்தே நின்று உள்ளே இருந்தோரைக் கூவியழைத்த அம்மனிதனின் நெஞ்சுக்குள் புகுந்து, இரு பக்கத்தாராலும் நம்பப்படாத ஒருவனின் தனிமையைக் காட்டினார். அந்நூல் வெளிவந்த அடுத்த ஆண்டிலேயே ஜெர்மனியில் அதனைத் தீயிலிட்டனர்.