கூதிரில் நடப்போர்: நெடுநல்வாடையின் இரு நடைகள்

ஆங்கிலக் கவிதையின் வழியே நம் எழுத்தில் நிலைபெற்றுவிட்ட சொல் 'இலையுதிர்காலம்'. தமிழ் நிலத்துக்குரியதோ ஐப்பசியும் கார்த்திகையுமாகிய கூதிர். இங்கே உதிர்வது இலையன்று, மழை. அப்பருவத்தில் நகர்த்தெருவில் நடப்பதன் இன்பத்தை அறிய விழைவோர் நக்கீரரின் நெடுநல்வாடையை அணுகுதல் வேண்டும்.

188 அடிகள் கொண்ட அப்பாட்டில் இரு நடைகள் உள்ளன. அகன்ற தெருவிலே கள்ளுண்டு மகிழ்ந்த வலிய உடலினர், தூறலைப் பொருட்படுத்தாது, பொழுது சாய்ந்த பின்னும் மனம்போன போக்கில் திரிகின்றனர். பாசறையிலோ துயில் கொள்ளாத வேந்தன், வாடையில் விளக்குச்சுடர் சாய, நள்ளிரவில் ஒருசிலரோடு நடந்து புண்பட்ட வீரரைக் காண்கிறான். இப்பாட்டு அகமா, புறமா என்னும் வினா நச்சினார்க்கினியர் தொட்டு விரிவாகப் பேசப்பட்டுள்ளது. ஒரே குளிரில் இவ்விரு நடைகளும் எதிரெதிரே நிற்பது அதற்கிணையாகக் கருதத்தக்கது. முதல் நடையைப் புலவர் பழிக்கவில்லை; இரண்டாவதைக் காட்டி அமைகிறார்.

அரபியில் இப்பருவத்தின் பெயர் 'கரீஃப்'. கனி கொய்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. அவ்வேரினின்றே 'குர்ஃபா' என்பதும் வந்தது. நோயாளியை நலம் விசாரிக்கச் சென்றவர் திரும்பும்வரை சுவனத்தின் குர்ஃபாவில் இருக்கிறார் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழியொன்று ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறுகிறது. கொய்யப்படும் கனியே குர்ஃபா என்பதும் அங்கேயே விளக்கப்படுகிறது. அரபியின் கனிப்பருவமும் தமிழின் மழைப்பருவமும் நோயுற்றோர் அருகே சந்திக்கின்றன.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் கூதிர் மாலையொன்றில் நடந்து பார்த்தால் இவ்வுண்மை உறைக்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இலும் ஒரகடத்தில் 2010இலும் கார் உற்பத்தி தொடங்கிய பின் சாலைகள் விரிந்தன. அவை கன்டெய்னர் லாரிகளுக்காக விரிந்தவை. மழைநீர் தேங்கிய ஓரத்தில் நடப்போர் ஷிப்ட் முடிந்து பேருந்தை நாடும் தொழிலாளரே. மனம்போன போக்கில் திரிய அங்கே தெருவுமில்லை, பொழுதுமில்லை. எனினும், கூதிர் கழிந்து முன்பனி தொடங்கிய 2021 டிசம்பரில், விடுதி உணவால் உடன்பணியாளர் பலர் நோயுற்றபோது, பெண் தொழிலாளர்கள் அவர்களின் நிலை என்னவென்று கேட்டுச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு வந்து அமர்ந்தனர். அத்தடத்தில் நான் அறிந்த இரண்டாம் நடை அதுவே.

பூமியின் வழிகளில் நடக்குமாறு அல்முல்க் அத்தியாயம் பணிக்கிறது. ஆகவே நடையின்பம் விலக்கன்று. ஆயினும், அரண்மனையில் அரசி வருந்திக் காத்திருக்க, வேந்தனை அவளிடம் திருப்பி அனுப்பாமல், புண்பட்டோர் நடுவிலேயே அவனை விட்டு நெடுநல்வாடை முடிகிறது. 'திரும்பும்வரை' என்னும் நபிமொழிச் சொல்லோடு அம்முடிவைச் சேர்த்துப் படிக்கும்போது பாட்டின் பெருமை விளங்கும்.